பைகளுக்குக் காவல்

தருமபுரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஒகேனக்கல் எங்கள் ஊரிலிருந்து பென்னாகரம் வழியாக ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் நாற்பத்து மூன்று வயது வரை பரிசலில் ஏறியதில்லை. சென்ற ஆண்டு மாணவிகளை அங்கே அழைத்துப்போனபோதும், "நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றுலா போகும் இடத்திலெல்லாம் நான் செய்துவரும் வேலை அது. பைகளுக்குக் காவல் இருக்கும் பெண்ணை யாரும் பயந்தவள் என்று சொல்வதில்லை, பொறுப்பானவள் என்பார்கள்.

"நீங்க வரலேன்னா நானும் ஏறமாட்டேன் மேம்" என்றாள் ஒருத்தி. அவளுக்கு நீச்சல் தெரியாது. வந்திருந்த இருபத்தெட்டுப் பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் இருவர். அண்ணன்களோடு கிணற்றில் பழகியவர்கள். வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவர்கள்.

எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். அதன் பழுப்புக் கறை என் பல்லிலும் உண்டு. ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகுதான் காவிரி எங்கள் தெருக்குழாய்க்கு வந்தது. அதுவரை அம்மாவும் நானும் தண்ணீரை எடையாகத்தான் அறிந்திருந்தோம். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஊர்க் கிணற்றில் நான் நீர் சேந்தினேன். வயல் கிணற்றில் அண்ணன் குதித்து நீந்தினான். எட்டிப் பார்த்தால், "பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்பார் அம்மா.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். மருதமரக் கிளையிலிருந்து ஆழ்நீரில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்த இளமையை நினைத்து ஒரு கிழவர் ஏங்குவார். நானும் மனமுருகித்தான் விளக்குவேன். நினைத்து ஏங்குவதற்கு எனக்கு அப்படியொரு குதிப்பே வாய்க்கவில்லை என்பது வகுப்பில் ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் பாட்டில் பெண்களும் நீராடுகிறார்கள். அவர்கள் கிழவிகளான பிறகு எதை நினைத்துக்கொண்டார்கள் என்று பாட்டு சொல்லவில்லை.

ஏறினேன். லைஃப் ஜாக்கெட்டின் வார் எனக்கு எட்டவில்லை. பரிசல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேற பெருசு தரேம்மா" என்றார். புடவையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. "எந்திரிக்காதீங்க, ஒரே பக்கமா சாயாதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்த இடத்தில், துடுப்பை ஒரு போடு போட்டுப் பரிசலைச் சுழற்றினார். நான் கத்தினேன். வகுப்பறையில் குரல் உயர்த்தாத நான், வாய்விட்டுக் கத்தினேன். அம்மா கிணற்றடியில் திட்டும் வார்த்தை ஒன்றும் சேர்ந்து வந்தது. மாணவிகள் கைதட்டினார்கள். "இன்னொருக்கா" என்று கேட்டது என் குரல்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "நீங்க பரிசல்ல போவீங்களா?" என்று கேட்டேன். "வேலையிருந்தா அக்கரைக்குப் போவேன். சும்மா சுத்துறதுக்கு எங்க போறது?" என்று மீனைத் திருப்பிப் போட்டார்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போய்வந்திருந்தேன். தண்ணீரைத் தொட்டே பார்க்கவில்லை. "தெரியலம்மா" என்றேன். "அடுத்த தடவ தொட்டுப் பாரு" என்றார். "நீயும் வாயேன்" என்றதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.