கோப்பையை நம் கரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

தமிழ்நாடு மகளிர் கால்பந்து அணியின் வீராங்கனைகளுக்கு,

2018-ல் கட்டாக்கிலும் 2023-ல் அமிர்தசரஸிலும் தேசியக் கோப்பையை வென்று வந்த உங்கள் எல்லோருக்கும் மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வென்று கொடுத்தது எத்தனை பெரியது என்பதைப் பதிந்துவைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த மடல்.

நம் நாட்டின் கோப்பைக் கால்பந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1888-ல் சிம்லாவில், பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் மார்ட்டிமர் டூராண்ட் தொடங்கிவைத்த டூராண்ட் கோப்பைப் போட்டி ஆசியாவிலேயே பழமையானது. ஆரம்பத்தில் அது பட்டாளத்துக்காரர்களின் ஆட்டம். ஓர் இந்திய அணி அந்தக் கோப்பையைக் கையில் ஏந்த 1940 வரை ஆனது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அதைச் சாதித்தது. பிறகு 1955-லும் 1958-லும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அதை வென்றது. அந்த அணியின் கோல் கம்பத்தைக் காத்த பீட்டர் தங்கராஜின் பெயரைப் பழைய ரசிகர்கள் இன்றும் மரியாதையோடுதான் சொல்வார்கள்.

மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி 1941-ல் வந்தது. அது ஒருமுறைகூடத் தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. நம்மிடம் ஆளில்லாமல் அல்ல. 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் தமிழரான சைமன் சுந்தரராஜ் இருந்தார். 1973-ல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் அவரே. அடுத்த மாநிலத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்கும் திறமை நம்மிடம் இருந்தது. நம் வீட்டு அலமாரிதான் காலியாக இருந்தது. 2012-ல் நம் ஆண்கள் அணி கட்டாக்கில் சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டம்வரை போய், முப்படைகளின் அணியான சர்வீசஸிடம் 3-2 என்று தோற்றது. கிளப் அணிகளுக்காக 1977-ல் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பையின் இடத்துக்கு 2018-ல் சூப்பர் கோப்பை வந்தது. மறு ஆண்டே அதன் இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி., கோவாவிடம் 2-1 என்று தோற்றது.

உங்களுக்கோ வாய்ப்பே தாமதமாகத்தான் கிடைத்தது. ஆண்களுக்கு 1941-ல் கிடைத்த மேடை, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் மகளிர் தேசியப் போட்டியாக உருவெடுக்க 1991 ஆகிவிட்டது. அதிலும் மணிப்பூரின் கொடிதான் ஆண்டுக்காண்டு பறந்தது. ஆண்கள் கைக்கெட்டிய கோப்பையைத் தவறவிட்ட அதே கட்டாக்கில், 2018-ல் அந்த மணிப்பூரையே 2-1 என்று வீழ்த்தினீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அமிர்தசரஸில் ஹரியானாவையும் அதே 2-1 கணக்கில் வென்றீர்கள். ஒருமுறை வென்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை நீங்கள்.

இங்கே தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் சாயங்காலம் வந்து பாருங்கள். கரையேற்றிய ஃபைபர் படகுகளுக்கும் காயப்போட்ட வலைகளுக்கும் நடுவே கிடைக்கிற இடம்தான் மைதானம். அலை நனைத்து இறுகிய மணலில் பந்து உருளும். நாலடி மேலே உலர்ந்த மணலுக்கு வந்துவிட்டால் கால் புதையும், பந்து நகராது. அதனால் பிள்ளைகள் தண்ணீரோரமாகவே பாஸ் போட்டுப் போட்டுப் போகப் பழகிவிடுகிறார்கள். முன்பு அந்தக் கூட்டத்தில் பையன்கள் மட்டும்தான். இப்போது பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்பிள்ளைகளும் இறங்குகிறார்கள், “அண்ணா, நான் ஃபார்வர்டு” என்று முதலிலேயே இடம் கேட்டு வாங்கிக்கொண்டு.

அதற்கு நீங்களே காரணம். “பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்கு?” என்று கேட்கும் வீட்டில் எடுத்துச் சொல்ல எங்களிடம் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் அணியின் இந்துமதி கதிரேசன், இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் கடலூர்க்காரர். இந்தியாவுக்காக ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இதைக் கேட்டதும் அம்மாக்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் அழகு புரியாத இடத்திலும் ஒரு பெண் தன் காலில் நிற்பது சட்டென்று புரிந்துவிடுகிறது.

மாவட்ட அணி, மாவட்டங்களுக்கிடையிலான போட்டி, மாநில முகாம், பிறகு தேசியக் கோப்பை என்று ஏறிப்போக ஒரு படிக்கட்டு இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. அதில் நீங்கள் ஏறிக் காட்டினீர்கள். உங்களுக்கு ஷூ வாங்கிக் கொடுத்த பி.டி. மாஸ்டர்களுக்கும், வெயிலில் நின்று விசில் ஊதிய பயிற்சியாளர்களுக்கும், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தும் உங்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. சென்னைக்கும் கடலூருக்கும் இடையே பயணம் போகும்போது ஒருநாள் எங்கள் கரையில் இறங்குங்கள். அரைமணி நேரம் எங்கள் பிள்ளைகளோடு ஆடினால் போதும். நாளை மாநில அணிப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்று வந்தால், அவள் போடும் முதல் கோலில் பாதி உங்களுடையது.


மாமல்லபுரத்திலிருந்து உங்கள் ரசிகன்