தொலைந்த சாவியும் நாகல் நகர்ப் பட்டறையும்

திண்டுக்கல் நாகல் நகரில் இன்னமும் பூட்டுச் செய்கிற பட்டறைகளைத் தேடிப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பெயர்ப் பலகை ஏதும் இருக்காது. வீட்டின் முன்பக்கத்து அறையோ திண்ணையோதான் பட்டறை. எந்த வீட்டிலிருந்து இரும்பில் அரம் ஓடும் சத்தம் வருகிறதோ அங்கே போய் நிற்கலாம். முன்பெல்லாம் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நான் போனபோது தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் கேட்டது.

நான் பார்க்கப் போன பட்டறைக்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது. சின்னப் பையனாக அப்பாவிடம் அரம் பிடிக்கக் கற்றவர். அரத்தின் உராய்வில் வலக்கை விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடைக் கருவியில் விரல் வைத்தால் பதிய மறுக்கிறது என்றார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பூட்டுச் செய்வதோடு, சாவி தொலைந்த பூட்டுகளைத் திறந்து கொடுப்பதும் அவருக்குத் தொழில். அதுதான் காரணம்.

வைஸ், நாலைந்து வகை அரம், சுத்தியல், உளி, துளை போடும் சிறிய மெஷின், தகடு வெட்டும் கத்தரி. பட்டறையின் சொத்து இவ்வளவுதான். கொண்டி ஒருவர் வீட்டில் வளைகிறது, சாவி இன்னொருவர் வீட்டில் உருவாகிறது, உடல் தகடு வேறொரு வீட்டில் வெட்டப்படுகிறது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு லீவர் அடுக்கி ரிவிட் அடித்து முடிப்பவர்தான் அந்தப் பூட்டுக்குப் பொறுப்பு. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, திறக்கும்போது மணி அடிக்கும் மணிப்பூட்டு, கோயில் கதவுக்கான கனத்த பூட்டு, பீரோப் பூட்டு என்று வகைகள் நீள்கின்றன. தவறான சாவியைப் போட்டால் கத்தி வெளியே வந்து கையைப் பதம் பார்க்கும் பூட்டு ஒன்று இருந்ததாகவும் ஊரில் சொல்கிறார்கள்.

திண்டுக்கல் பூட்டின் உயிர் லீவரில் இருக்கிறது. லீவர் என்பது பித்தளைத் தகட்டில் வெட்டிய மெல்லிய பட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு, ஒவ்வொன்றையும் கீழே அழுத்தி வைக்க ஒரு ஸ்பிரிங். ஆறோ எட்டோ லீவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி ஓர் அச்சில் கோத்துவிடுகிறார்கள். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் லீவர்களைத் தூக்குகின்றன. அத்தனை லீவர்களின் வெட்டும் ஒரே நேரில் வந்து நின்றால்தான் தாழிலுள்ள முளை அதற்குள் நுழையும், தாழ் நகரும். ஒரு லீவர் மயிரிழை குறைவாக எழுந்தாலும் திறக்காது. மயிரிழை கூடுதலாக எழுந்தாலும் திறக்காது.

கூடினாலும் திறக்காத இந்த ஏற்பாட்டுக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்றார். 1818-இல் ஜெரமையா சப் இன்னொன்றைச் சேர்த்தார். கள்ளச்சாவி போட்டு யாராவது ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு அப்படியே சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் தன் சாவியைப் போட்டதும் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பூட்டையும் 1851-இல் லண்டன் பொருட்காட்சி நடந்த சமயத்தில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். நம் பட்டறைக்காரர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் லீவர் எந்த அளவுக்கு எழ வேண்டும் என்பதை அளவுகோல் வைக்காமல் கட்டைவிரல் நுனியில் உணர்ந்து அரத்தை நிறுத்துகிறார். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அந்தத் திறமையின் அளவு புரியும்.

2024 மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தேர்தல் முடிந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சமயத்தில்தான் சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒரு விவசாயி நாகல் நகருக்கு வந்து சேர்ந்தார். அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய உரிமம், அப்பாவுக்குப் பிறகு முறைப்படி இவர் பெயருக்கு மாறியிருந்தது. துப்பாக்கி இருப்பது திண்டுக்கல்லிலேயே செய்த ஒடுக்கமான இரும்பு பீரோவில். தோட்டாக்கள் அதே பீரோவின் மேல்தட்டில், தனிப் பூட்டுப் போட்ட அறையில். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை இடம் மாற்றியதில் சாவிக்கொத்து காணாமல் போய்விட்டது. அரிசிப் பானை முதல் பரண் வரைக்கும் தேடிவிட்டார்கள். ஒப்படைக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

வெல்டிங் கடை ஆளைக் கூப்பிட்டு கேஸ் கட்டரால் அறுத்துவிடலாம் என்று மகன் சொல்லியிருக்கிறார். பெரியவர் ஒப்பவில்லை.

“உள்ள தோட்டா இருக்குண்ணே. நெருப்பைக் காட்டுனா என்ன ஆகும்? அதான் உங்ககிட்ட வந்தேன்.”

சரியான முடிவு அது. தோட்டாவில் இருப்பது வெடிமருந்து. சூடேறினால் துப்பாக்கிக்குள் இல்லாமலேயே வெடிக்கும். கிரைண்டர் போட்டு அறுத்தாலும் தீப்பொறி பறக்கும், தகடு பழுக்கும். கடப்பாரையால் நெம்பினால் கதவு கோணும், பிறகு அந்தப் பீரோ எதற்கும் உதவாது. பூட்டு திறக்க வேண்டிய வழியிலேயே திறந்தாக வேண்டும்.

பட்டறைக்காரர் உடனே கிளம்பிவிடவில்லை. உரிமப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதா, சாவி தொலைந்ததைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். திறக்கும்போது நிலையத்திலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும், பெரியவரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றார்.

“ஏட்டய்யா வரட்டும், அன்னைக்கே நானும் வர்றேன். திறக்கத் தெரிஞ்சவன் மேலதான் முதல்ல சந்தேகம் விழும் தம்பி” என்றார் என் பக்கம் திரும்பி. அவருடைய அப்பா வகுத்த நடைமுறையாம். யாருடைய பூட்டு என்று தெரியாமல் எந்தப் பூட்டிலும் கைவைப்பதில்லை. பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சாவி செய்து கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். வரும்படி குறைவதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொள்ளவே இல்லை.

குறித்த நாளில் நானும் உடன் போனேன். தலைமைக் காவலர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பையைத் திறந்தார். சாவித் துவாரத்தை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். துவாரத்தைச் சுற்றியுள்ள தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நல்லாம்பட்டி வேலை. ரிவிட்டு அடிச்சிருக்கிற பக்குவமே சொல்லுது” என்றார். நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. செய்தவரின் வழக்கம் தெரிந்தால் உள்ளே லீவர் எப்படி அடுக்கியிருப்பார் என்பதை ஓரளவுக்கு ஊகித்துவிடலாம் என்கிறார். இது புத்தகத்தில் எழுதிவைத்த அறிவு இல்லை. அவரோடு இருக்கிறது.

முதலில் மண்ணெண்ணெய் விட்டு, பல ஆண்டுகளாக இறுகிப்போன பழைய எண்ணெய்ப் பிசுக்கை இளக்கினார். அது இளகும்வரை காத்திருந்தோம். பிறகு பல் வெட்டாத சாவி ஒன்றை எடுத்தார். உள்ளே விட்டு மெதுவாக அசைப்பது, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது, அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பது, மறுபடி உள்ளே விடுவது. இதையே திரும்பத் திரும்பச் செய்தார். என்ன அடையாளத்தைப் பார்க்கிறார், எந்த வரிசையில் போகிறார் என்பதை எனக்கு விளக்கினார். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். துப்பாக்கி இருக்கும் பீரோ விஷயத்தில் அந்த வேண்டுகோள் முழுக்க நியாயம் என்று நானும் நினைக்கிறேன். அவசரம் துளியும் இல்லாமல் நடந்த வேலை என்பதை மட்டும் சொல்கிறேன். இடையில் மகன் இரண்டு தடவை, “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார். பதில் வரவில்லை, அரம்தான் ஓடியது.

பகல் சாய்ந்த நேரத்தில் தாழ் நகர்ந்தது. கதவைத் தானே இழுக்காமல் இரண்டடி பின்வாங்கி நின்றார் பட்டறைக்காரர்.

“ஐயா, நீங்க எடுங்க.”

பெரியவர் துப்பாக்கியை எடுத்து, குழலை மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே தோட்டா இல்லை. குழலில் பொறித்திருந்த எண்ணை உரிமப் புத்தகத்தோடு தலைமைக் காவலர் ஒத்துப் பார்த்தார். தோட்டா அறையின் சிறிய பூட்டு அதன் பிறகு சுலபமாகத் திறந்தது. தோட்டாக்களையும் எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். ஒப்படைப்புக்கான ரசீது மறுநாள் கைக்கு வந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று பெரியவர் பணத்தை எடுத்து நீட்டினார். பட்டறைக்காரர் வாங்கவில்லை.

“வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு ஐயா. தொலைஞ்ச சாவி எங்கயோ கிடக்குதுல்ல? அது இருக்கிற வரைக்கும் இது பூட்டே இல்ல.”

பூட்டுகளைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ரிவிட்டை எடுத்துவிட்டு லீவர்களைப் பிரித்தார். சிலவற்றின் வரிசையை மாற்றினார், புதுப் பித்தளையில் வேறு வெட்டோடு இரண்டு செய்து சேர்த்தார். அதற்கேற்பப் புதுச் சாவிகள் செய்தார். துப்பாக்கி அறைக்கும் தோட்டா அறைக்கும் தனித்தனிச் சாவி. இரண்டையும் ஒரே கொத்தில் கோக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். பழைய சாவி நாளைக்கு யார் கையில் கிடைத்தாலும் இனி அது வெறும் இரும்புத் துண்டு.

இந்தப் பயணத்தில் நான் கற்ற முக்கியமான பாடம் அந்த இரண்டாம் பாதிதான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதாக உறுதிமொழி தர வேண்டும். தொலைந்த சாவி வெளியே எங்கோ கிடக்கும்போது அந்த உறுதிமொழிக்கு என்ன மதிப்பு? பீரோ திறந்துவிட்ட நிம்மதியில் பெரும்பாலோர் மறந்துவிடும் கேள்வி இது. இயந்திரத்தில் செய்து அடைத்து வரும் மலிவான பூட்டைப் பிரித்து உள்ளமைப்பை மாற்ற வழி கிடையாது. தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். கையால் செய்த லீவர் பூட்டு அதே உடலில் புதுப் பூட்டாகிவிடும். அதற்கு லீவர் வெட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தான் குறைந்துகொண்டே வருகிறார். கூலி எண்ணிக்கைக் கணக்கில்தான் கிடைக்கிறது. எட்டு லீவர் பூட்டுக்கு ஒரு நாள் உழைப்பு போனாலும், கடைக்காரர் அதை அலிகரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு வைத்துப் பார்க்கிறார். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கும், கூலியை உயர்த்தித் தராது. வேலைக்குப் பையன்கள் சேர வேண்டுமானால் தொடர்ச்சியாக ஆர்டர் வேண்டும். கோயில்கள், கிடங்குகள், கருவூலங்கள், காவல் நிலையத்து ஆயுத அறைகள் என்று அரசின் கையில் இருக்கும் கதவுகள் எத்தனை! அவற்றுக்கான பூட்டுகளில் ஒரு பங்கையாவது இங்கே செய்யச் சொல்லி ஆணையிடலாம். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது செய்யவில்லை என்றால் இன்னும் பத்து ஆண்டுகளில் ஆர்டர் இருக்கும், செய்ய ஆள் இருக்காது. பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “ஆர்டர் வரட்டும், என் பேரனை உட்கார வைக்கிறேன்” என்றார். வெறும் பேச்சுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தோட்டா இருக்கும் பெட்டியின் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். திறந்த பிறகு லீவரை மாற்றாமல் விடாதீர்கள். மற்றவர்களுக்கும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் சாவி இல்லாத பழைய திண்டுக்கல் பூட்டு கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது உங்களுடையது என்று தெரிந்த பெரியவர் ஒருவரோடு நாகல் நகருக்கு எடுத்துப் போங்கள். அதற்குச் சாவி செய்துகொடுக்க இன்றைக்கும் அங்கே ஆள் இருக்கிறார்.