ஆளுக்கொரு கார்

யப்பான் என்றதும் நம்மில் பலருக்கு அதிவேக ரயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள கிராமத்துப் பெண்களின் வாழ்க்கை காரை நம்பியே ஓடுகிறது. தங்கையின் குடும்பத்துடன் புக்குயி மாகாணத்தின் வயற்கிராமம் ஒன்றில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தபோது இதை நேரில் கண்டேன்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் நான்கு வாகனங்கள் நின்றன. தங்கையிடம் காரணம் கேட்டேன்.

"அந்த வீட்டில வளர்ந்த ஆக்கள் நாலு பேர், அக்கா. ஆளுக்கொண்டு வேணும்தானே" என்றாள்.

புக்குயியில் வீட்டுக்குச் சராசரியாக 1.7 கார் அளவில் உண்டு. யப்பானிலேயே இதுதான் அதிகம். டோக்கியோவில் இரண்டு வீட்டுக்கு ஒரு கார்கூட இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் புக்குயியில்தான் அதிகம். ஆளுக்கொரு திசையில் வேலை; பஸ்ஸோ நாளுக்குச் சில தடவைகள்தான்.

பெண்கள் பெரும்பாலும் ஓட்டுவது 'கெய்' எனப்படும் சின்னக் கார். எஞ்சின் 660 சீசீக்கு மேற்படாது. மஞ்சள் இலக்கத் தகடு. நமது வீதிகளில் ஓடும் யப்பான் வேகன் ஆர் கார்களும் இந்த இனம்தான். இதற்கு ஆண்டு வரி 10,800 யென். சாதாரணக் காருக்கோ ஆகக் குறைந்தது 25,000 யென். புதுக் காரென்றால் மூன்றாம் வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கொரு தடவையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்கென்று பெண்கள் மாதாமாதம் பணம் ஒதுக்கி வைக்கிறார்கள்.

அந்த வீட்டின் நாலாவது வாகனம், எண்பது வயது தாண்டிய பாட்டியின் சின்ன வெள்ளை லொறி. தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், மருந்தெடுக்கப் போவதும் அதில்தான். 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது ஞாபகசக்திப் பரிசோதனைக்கு முகங்கொடுக்க வேண்டும். 2009இல் வந்த நடைமுறை இது. பாட்டி அதில் தேறிவிட்டார். என்றாலும் விபத்துக்குப் பயந்து, பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி மருமகள் கெஞ்சுகிறார்.

"கொடுத்தால், கடைக்குப் போகவும் மற்றவர்களின் நேரம் பார்க்க வேண்டுமே" என்றாராம் பாட்டி. தங்கைதான் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

மருமகளின் பயமும் நியாயம். பாட்டியின் கவலையும் நியாயம். சகோதரிகளே, கையில் ஒரு சாவி இருப்பது பெண்ணுக்குப் பெரிய பலம். ஆனால் சாவி இல்லாதவளும், அதைத் திருப்பிக் கொடுத்தவளும் வெளியே போய்வர வேண்டும். அதற்கு ஊருக்குள் ஒழுங்காக பஸ் வரவேண்டும். வசதி படைத்த யப்பானுக்கும் இது இன்னும் தீராத பிரச்சினைதான்.