வாசல் வெளிச்சம்

வீட்டில் போட்டோ அச்சடிக்க எந்தப் பிரிண்டர் நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று கணக்குகளோடு வருகிறார்கள்: எத்தனை டிபிஐ, எத்தனை கலர், ஒரு பிரிண்டுக்கு என்ன அடக்கம். இந்தக் கட்டுரைக்காக ஒரு கலர் லேபிலும், பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கையோடு கொடுத்தனுப்பும் இரண்டு ஸ்டூடியோக்களிலும் நின்று வேலையைக் கவனித்தேன். இந்த மூன்றும் அங்கே யார் வாயிலும் வரவில்லை. அங்கே பேச்சே வேறு: "சிவப்பு ஏறிடுச்சு", "முடியில டீடெயில் அடைச்சுக்கிச்சு", "முகம் பச்சை அடிக்குது". லேபில் பிரிண்ட் வெளியே வந்ததும் ஆபரேட்டர் அதை ஓரத்தில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். உள்ளே எரியும் எல்இடி குழல்விளக்கை அவர் நம்புவதில்லை. நேர்வெயில் படாத வாசல் நிழலில் இரண்டு விநாடி பார்க்கிறார், உள்ளே வந்து மெஜந்தாவில் ஒரு புள்ளி குறைக்கிறார், மறுபடி ஒன்று எடுக்கிறார். அந்தத் தொழிலின் சாரம் முழுக்க இந்தப் பத்தடி நடையில் இருக்கிறது. வீட்டுக்குப் பிரிண்டர் வாங்குகிறவர் இயந்திரத்தோடு சேர்த்து இந்த ஆபரேட்டர் உத்தியோகத்தையும் ஏற்றுக்கொள்கிறார் என்பது என் கட்சி. அந்த உத்தியோகம் பிடித்தவருக்குப் பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பது எளிது. பிடிக்காதவருக்கு எந்த மாடலும் ஒரு வருடத்தில் துணி போட்டு மூடிவைக்கும் பொருளாகிவிடும்.

முதலில் அந்த எண்களைத் தீர்த்துவிடலாம். பெட்டியின் மேல் 5760 டிபிஐ என்று அச்சிட்டிருப்பது மைத்துளி விழும் இடங்களின் நெருக்கத்தைச் சொல்கிறது. படத்தின் நுணுக்கத்தை அல்ல. ஒரு படப்புள்ளியின் நிறத்தைக் கண்ணுக்குக் காட்டவே பல துளிகள் வேண்டும். படத்தின் பக்கம் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைத்தால் கையில் வைத்துப் பார்க்கப் போதும். 4×6 அளவுக்கு அது 1200×1800. பழைய செல்போன் கேமராவே அதைத் தாண்டும். 12×18 அளவுக்கு 3600×5400, அதாவது சுமார் 19 மெகாபிக்சல். குறை வருவது பெரும்பாலும் படம் கைமாறும் வழியில்தான். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் நீளவாக்கில் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கி, நசுக்கப்பட்டு வந்து சேர்கிறது. "டாக்குமென்ட்டா அனுப்புங்க சார்" என்பது இன்றைக்கு ஸ்டூடியோக்களில் அதிகம் ஒலிக்கும் வாக்கியமாக இருக்கலாம். டிபிஐயை விட மை எண்ணிக்கையில் கொஞ்சம் பொருள் உண்டு. நான்கு நிற இயந்திரம் கன்னத்தின் வெளிர்ப்பகுதியை வரைய அடர் சயானையும் அடர் மெஜந்தாவையும் எட்ட எட்டத் தூவ வேண்டியிருக்கும். கூர்ந்து பார்த்தால் மணல் தூவியதுபோல் தெரியும். ஆறு நிற மாடல்கள் பலவற்றில் கூடுதலாக இருக்கும் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் இதற்காகத்தான். முகங்களை அச்சடிக்க விரும்புபவர் ஆறுக்குக் கீழே இறங்க வேண்டாம். கருப்பு வெள்ளையில் ஆசை இருப்பவருக்குச் சாம்பல் மை உள்ள மாடல்கள் தேவை. அவை இல்லாமல் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒரு விளக்கில் பச்சையாகவும் இன்னொன்றில் ஊதாவாகவும் சாயும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். லேப் இயந்திரம் மையே தொடாமல், சிவப்பு, பச்சை, நீல ஒளியால் வெள்ளி உப்புக் காகிதத்தில் எழுதி ரசாயனத்தில் கழுவி எடுக்கிறது; துளி கிடையாது, மணல் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும் தொடர்நிறம். பெரிய அளவில் ஓடுவதால் விலையும் மலிவு. பிறகு வீட்டுப் பிரிண்டர் எதற்கு? இயந்திரத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இருக்கிறது. லேபுக்குச் சோறு போடுவது கல்யாண ஆல்பம். முகூர்த்த மாதங்களில் வரிசையாக ஆல்பங்கள் நிற்கும்போது, வாசல் வரை நடந்து பார்க்கும் மரியாதை அவற்றுக்குத்தான். கவுன்டரில் பென்டிரைவ் நீட்டியவரின் இருபது படங்கள் ஆட்டோ கரெக்ஷனில் போய்விடும். ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கூலி தரும் கணக்கில் அந்த இருபது படத்துக்கான இரண்டு விநாடிகள் சேர்க்கப்படவில்லை. ஆட்டோ என்ன செய்கிறது? படத்தின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரத்துக்குக் கொண்டுவருகிறது. இருட்டுப் பின்னணியில் அகல்விளக்கு ஏந்தி நிற்கும் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வேண்டுமென்றே விட்ட இருட்டைக் குறை என்று எண்ணி அது தூக்குகிறது. சுவரின் காரை தெரிகிறது, பாட்டி முகத்தில் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது.

இதில் தோல் நிறத்தின் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிவந்த மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த அட்டைக்கே 'ஷெர்லி' என்று பெயர் நிலைத்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்பது கணக்கு. பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. நம் ஊரில் இதற்கு மேலே ஒரு பூச்சு உண்டு: வாடிக்கையாளர் கேட்காமலே முகத்தை ஒரு படி வெளுப்பாக்குவது. பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோவில் இது பழக்கமாகிவிட்ட கைவேலை. வெளுக்காமல் கொடுத்தால் "போட்டோ கருப்பா இருக்கு" என்று திரும்பி வரும் என்ற பயமும் காரணம். மாநிறத்தையும் கருப்பையும் காகிதத்தில் கொண்டுவருவது எளிதல்ல. மெஜந்தா கொஞ்சம் கூடினால் வெந்ததுபோல் ஆகும், குறைந்தால் நோயாளி முகம். கருந்தோலின் மேல் விழும் வெளிச்சப் பளபளப்பையும் அதன் நிழலையும் இரண்டையும் காப்பாற்றினால்தான் அந்த முகத்துக்கு உயிர் இருக்கும். வீட்டில் அச்சடிப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வலுவான காரணம் இதுதான்: நம் அம்மாவின் நிறம் எது என்ற கடைசி முடிவு நம் கையில் இருக்கும். சிக்கனம் என்று சொல்லி வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

முடிவு நம் கையில் என்றால் அதற்குரிய உழைப்பும் நம் தலையில். திரையில் பளிச்சென்றிருந்த படம் காகிதத்தில் இருண்டு வருகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான். திரை தானே ஒளிவிடும். காகிதம் அறை வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும். திரையைத் தணித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை குறைத்தால் பாதிப் புகார் ஓய்ந்துவிடும். அடுத்தது காகிதம். ஒரே மை வெவ்வேறு காகிதத்தில் வெவ்வேறு நிறமாகும். எந்தப் பூச்சுள்ள தாளுக்கு எவ்வளவு மை என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் புரொபைல். கடையில் கிடைத்த பெயர் தெரியாத கிளாஸி தாளைப் போட்டு, அமைப்பில் 'சாதாரணத் தாள்' என்று விட்டுவிட்டுப் பிரிண்டரைத் திட்டுபவர்கள் நிறைய. ஒரே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஆறு மாதம் பழகுவது, இயந்திரத்தை மாற்றுவதை விட அதிகம் பயன் தரும். சோதனைக்கு முழுத்தாளை வீணாக்க வேண்டாம். முகம் விழும் பகுதியை மட்டும் துண்டாக எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' காகிதம் தயாரித்த காலத்து இருட்டறைக்காரர்கள் துண்டுத்தாளில் வெளிச்சம் காட்டிப் பார்த்தது இதே புத்திதான்.

அடுத்த மறுப்பு, மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பது. உண்மை. ஸ்டூடியோவில் காலையில் கடை திறந்ததும் முதலில் வருவது படம் அல்ல, நாசில் செக் தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டுபோல் அடுக்கிய சிறு கோடுகள். ஒரு படி விடுபட்டிருந்தால் அதற்குரிய மைத்துளை அடைத்திருக்கிறது. படத்தில் அது வானத்தின் குறுக்கே மெல்லிய கீறலாக விழும். மஞ்சள் கோடு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதைப் பார்க்கவும் வாசல் வெளிச்சம்தான். விடுபட்டால் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. அது நிறைந்துவிட்டதாக உள்ளேயுள்ள கவுன்டர் முடிவு செய்தால் இயந்திரம் ஓட மறுக்கும். உண்மையில் நிறைந்ததா என்று அது பார்ப்பதில்லை, கணக்கு மட்டும்தான். நம்மூர் மெக்கானிக்குகள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: பஞ்சுக்குப் போகும் குழாயை இழுத்து வெளியே விட்டு, ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் சொருகுவது. மேசையோரம் கருநீலச் சகதி பாதி நிறைந்த அந்த பாட்டிலைப் பார்த்தால் மையின் எத்தனை பங்கு படமாகாமலே போகிறது என்று புரியும். இதை மட்டமான வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். கிரஹாம் நாஷ் என்ற பாடகர் கலிபோர்னியாவில் 1991இல் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ், டிஜிட்டல் கலை அச்சின் தொடக்க இடங்களில் ஒன்று. 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் பிரிண்டரில் கனத்த ஓவியத்தாள் நுழைய வேண்டும் என்று அவர்கள் அதன் பாகத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இவ்வளவு துணிச்சல் தேவையில்லை. வாரம் ஒரு சிறு வண்ணப்படம் எடுத்தால் மை ஓடிக்கொண்டிருக்கும். சுவர் சுவிட்சை அணைப்பதற்கு முன் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் மை தெளிக்கும் ஹெட் தன் மூடியில் போய் அமரும். நேரே சுவிட்சை அணைப்பதுதான் பல வீடுகளில் ஹெட்டைக் கொல்கிறது. கழிவுப்பெட்டியை நாமே கழற்றி மாற்றக்கூடிய மாடலா என்று மட்டும் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மை விஷயத்தில் கோபம் வருவது இயல்பு. இயந்திரத்தை மலிவாகக் கொடுத்து, சிப் பொருத்திய சிறு கார்ட்ரிட்ஜில் மையைத் தங்கம்போல் விற்ற வியாபாரம் பல வருடம் நடந்தது. கடைக்காரர்கள் ஊசியால் மை ஏற்றிக் கொடுத்ததும், வெளியே டேங்க் கட்டிக் குழாய் விட்டதும் அதற்கு எதிரான கலகம். டேங்க் பிரிண்டர்களைப் பிறகு கம்பெனிகளே விற்க ஆரம்பித்தன. ஆனால் அந்தக் கோபத்தில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் மாற்று மையை ஊற்றுவது போட்டோவுக்கு ஆகாது. புரொபைல் அத்தனையும் பொய்யாகிவிடும், நிறமும் நிற்காது. கம்பெனியின் சொந்த மையிலேயே நிறம் போன கதை உண்டு: 2000இல் வந்து புகழ்பெற்ற ஓர் ஆறு நிற மாடலில் எடுத்த படங்கள் சில வீடுகளில் கொஞ்ச நாளிலேயே ஆரஞ்சாகிப் போயின. சில வகைத் தாள்களின் நுண்துளைப் பூச்சு வழியே காற்றிலுள்ள ஓசோன் புகுந்து சயானைத் தின்றதுதான் காரணம். மை இன்று எவ்வளவோ தேறியிருக்கிறது. என்றாலும் கரைந்து ஊறும் டை மை பளபளப்புத் தாளில் ஆழ்ந்த நிறம் தரும், வெறும் காற்றில் தொங்கினால் மங்கும். துகளாகத் தாள் மேல் தங்கும் பிக்மென்ட் நீண்டநாள் நிற்கும், கிளாஸி தாளில் சாய்த்துப் பார்த்தால் திட்டாகத் தெரியலாம். ஆல்பத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் டை டேங்க் மாடல் போதும். சட்டம் போடுமுன் ஒரு நாளாவது காயவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் உள்பக்கம் புகை படியும். மேட் தாளில், கண்காட்சிக்கு, விற்பனைக்கு என்றால் பத்து நிற பிக்மென்ட் இயந்திரம். அதன் விலையைக் கேட்டுவிட்டு லேபுக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

வாரம் ஒரு படமும் எடுக்கமாட்டேன், பேரன் பிறந்தநாளைக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்பவருக்கு மை பிரிண்டரே வேண்டாம். கைப்பெட்டி அளவில் ரிப்பன் பிரிண்டர் இருக்கிறது. மஞ்சள், மெஜந்தா, சயான், மேலே ஒரு காப்புப்படலம் என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வரும். ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் அடைக்க அதில் ஒன்றுமில்லை. அளவு போஸ்ட்கார்டோடு சரி, நிறத்தைத் திருத்தும் இடமும் குறைவு. ஆபரேட்டர் வேலை வேண்டாம் என்றவர் அதற்குக் கொடுக்கும் விலை அது. ஒரு சங்கதி மட்டும் கவனம். தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மை போன இடம் வெளுத்து, நெகட்டிவ்போல் ஒவ்வொரு முகமும் அதில் வரிசையாகத் தெரியும். பாஸ்போர்ட் போட்டோ கடைகளின் குப்பைக்கூடையில் இப்படி ஊரே சுருண்டு கிடக்கும். வீட்டு ரிப்பனையாவது கத்தரியால் நாலு துண்டு போட்டுவிட்டு எறியுங்கள்.