எத்தனை கியூப் மண்?

கண்டியில் வீட்டுத் தோட்டம் அமைக்க விரும்புவோர் முதலில் வினவுவது, எத்தனை கியூப் மண் வேண்டும் என்பதே. மாணவர்க்குக் கனவளவு கற்பிக்கையில் நாமும் இதனையே எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அடியிற் கொண்டு பெருக்கி 100ஆல் வகுத்தால் கியூப் கிடைக்கும். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள பாத்தியில் அரையடி மண் பரப்ப 150 கனஅடி, அதாவது ஒன்றரைக் கியூப், தேவை. லொறியில் வரும் மண் பொலபொலப்பானது. நாலு மழையில் அமிழ்ந்துவிடும். ஆகவே காற்பங்கு கூட்டி, ஏறத்தாழ இரண்டு கியூப் என்று கொள்வோம்.

அம்மண் எங்கிருந்து வருகின்றது? இதனைக் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. மலைநாட்டில் ஒரு முற்றம் மேடாவதற்கு வேறொரு சரிவின் அடி அரியப்படலாம். அடியிழந்த சரிவு பெருமழையைத் தாங்குமா? 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறப்பதற்கில்லை.

பூஞ்செடிகளுக்குப் பாத்தி முழுதும் புதுமண் வேண்டியதில்லை. ஒரு கனஅடிக் குழிகள் 40 தோண்டி, அவற்றை மட்டும் நிரப்பினால், காற்பங்கு கூட்டியும் அரைக் கியூப் போதும். தோண்டிய மண்ணோடு மட்கிய இலையும் சாணமும் கலந்தால் அதுவும் குறையும். குறைவாக வாங்குவதற்கும் கணக்கு உதவுமன்றோ!