களியில் இழுத்த கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில், ஜி.என்.டி. சாலையோரம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. காயில் கருகி வந்த மோட்டார் ஒன்றின் முதுகைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒரு இளைஞர். இரும்புத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகி, ஃபின் எனப்படும் மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளங்கள் தூர்ந்திருந்தன. "இது அடைச்சுக்கிட்டா மோட்டாருக்கு மூச்சு முட்டும் சார்" என்றார்.

உண்மைதான். மூடிய மோட்டாரின் சூடு உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பை மேடும் பள்ளமுமாக வார்த்தால் காற்று தொடும் பரப்பு பெருகும். 10 டிகிரி சூடு கூடினால் காயில் காப்பின் ஆயுள் பாதி என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு.

எனக்கு ஆயாவின் கேழ்வரகுக் களி ஞாபகத்துக்கு வந்தது. பொன்னேரிப் பக்கம் எங்கள் வீடு. பள்ளி விடுமுறை மதியங்களில் ஆவி பறக்கும் உருண்டை தட்டில் விழும். "உருண்டையா இருந்தா ஆறாதுடா" என்பாள். ஒரே கன அளவுள்ள எல்லா வடிவங்களிலும் உருண்டைக்குத்தான் மேற்பரப்பு மிகக் குறைவு. அவள் அதைக் கையால் கண்டவள். தண்ணீர் தொட்டுத் தட்டையாக்கி, கரண்டிக் காம்பால் நாலைந்து கோடு ஆழமாக இழுப்பாள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தனித்தனியாக ஆவி எழும். நானும் ஆசையாகக் கூடுதல் கோடு போடுவேன். கரைகள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "நெருக்கிப் போட்டா காத்து எப்படிடா போவும்?" என்று அழித்து மறுபடி இழுப்பாள். பிறகு தட்டை லேசாகத் திருப்பி வைப்பாள்.

ஃபின்னைப் பார்த்தால் காற்று வரும் திசை தெரிந்துவிடும். மோட்டாரில் ஃபின் நீளவாக்கில் ஓடும். பின்பக்க விசிறி அந்த வழியே ஊதுகிறது. 1956 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகக் கிடைமட்டம். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று அதில் நுழைந்து போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டரோ நெட்டுக்குத்தாக நிற்கும். விசிறியும் ஓட்டமும் இல்லாத இடத்தில், சூடேறிய காற்று தானே மேலே போகட்டும் என்று.

ஆயா ஏன் தட்டைத் திருப்பினாள் என்று அந்த வயதில் நான் கேட்கவில்லை. எங்கள் கொல்லைக் கதவு கிழக்குப் பார்த்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து மதியக் கடற்காற்று அந்த வழியாகத்தான் வரும்.