மலை மேல் ஒரு நீலப் பால்

கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது செருப்பைத் தாண்டிக் கரிசல் மண் சுட்டது. மே மாதக் கடைசி. சேலத்தில் வண்டி மாறி, அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் காது அடைத்துக்கொண்டது. உச்சி நெருங்கும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் தோள் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அப்புறம்தான் ஜன்னலை மூடினேன். அடேயப்பா, மே மாதத்தில் குளிர்!

ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியதும் ஈர மண்ணும் வறுத்த காப்பிக்கொட்டையும் கலந்த வாசனை. எங்கள் ஊரில் மழை பெய்தால் ஒரு நாள் வரும் மண்வாசனை, இங்கே வேலைக்குப் போகிற ஆள்மாதிரி தினமும் வருகிறது. நண்பன் வீடு ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தாராம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, இடையிடையே கமலா ஆரஞ்சு. ஒரே நிலத்தில் மூன்று மாடி விவசாயம்! எங்கள் கரிசலில் பருத்திக்கு மேல் வானம்தான்.

மறுநாள் காலை ஒரு பீப்பாயைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்தார்கள். பருவமழைக்கு முன்னால் இலைத்துரு நோய்க்கு மருந்து அடிக்கும் நேரம். இலங்கையின் காப்பித் தோட்டங்களை ஒரு காலத்தில் சாய்த்துப்போட்ட நோய் அது. மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து ராத்திரியே தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார்கள். வாளிக்குள் அப்படியொரு நீலம். மயில் கழுத்தைப் பிழிந்து ஊற்றினதுபோல. இன்னொரு பக்கம் நீற்றி வடிகட்டிய சுண்ணாம்புப் பால். 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர்.

நான் உதவப் போய் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன்.

“இருங்க தம்பி, துத்தத்தைத்தான் சுண்ணாம்புல ஊத்தணும். மாத்தி ஊத்துனா கட்டி கட்டியா போயிருங்க” என்றார் மேஸ்திரி.

“ஏன் அண்ணா, ரெண்டும் கலக்கத்தானே போகுது?”

“கலக்குறது வேற, சேர்றது வேறங்க.”

நீலம் வெள்ளைக்குள் இறங்கி, வானத்து நிறத்தில் ஒரு குழம்பாகத் திரண்டது. அரிவாள் நுனியை அதில் முக்கி எடுத்துப் பார்த்தார். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இரும்பு இரும்பாகவே இருந்தது. சரி என்று தலையாட்டினார். ஆய்வுக்கூடமே அந்த அரிவாள் நுனியில் இருந்தது.

வீட்டோரத்து ஆரஞ்சு மரங்களில் செதில் பூச்சி. அதற்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 30 மில்லி. பீப்பாய்த் தண்ணீரில் எண்ணெயை அப்படியே கொட்டினால் மேலே மிதக்கும், மிதந்த எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும். அங்கே ஒரு அக்கா சோப்புக் கரைசலில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் அடித்துக்கொண்டே இருந்தார். கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. மஞ்சளாக இருந்தது மெல்ல வெளுத்து, கெட்டித் தயிர்போல ஆனது. அதன்பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் பார்த்தால் வாளி நிறையப் பால்!

இப்படி எண்ணெயும் நீரும் சேர்ந்து நிற்பதைத் தமிழில் பால்மம் என்கிறார்கள். பெயிண்ட் கடையில் நாம் கேட்கும் எமல்ஷன் என்ற வார்த்தைதான் இதன் ஆங்கிலப் பெயரும். அந்த வார்த்தையின் லத்தீன் வேரும் பால் கறப்பதுதான் என்று அறிந்தபோது எனக்குப் புல்லரித்தது. துளி பாதியாகச் சிறுத்தால் அது மேலே ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். அதனால்தான் அந்த அக்கா கை ஓயாமல் அடித்தார். உடைந்த துளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் சோப்பு ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டுவிடுகிறது.

எனக்கோ அம்மாவின் மத்து ஞாபகம் வந்துவிட்டது. விடிகாலையில், குளுமை இருக்கும்போதே தயிர் சிலுப்புவாள். வெயில் ஏறிவிட்டால் பானையில் பச்சைத் தண்ணீர் விடுவாள். அங்கே அடித்தால் பிரிகிறது, இங்கே அடித்தால் சேர்கிறதே! ராத்திரி கம்பளிக்குள் படுத்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன். பாலின் கொழுப்புத் துளிக்கும் ஒரு தோல் உண்டு. மத்து அந்தத் தோலைக் கிழிக்கிறது. பாதி இறுகின துளிகள் ஒன்றையொன்று குத்தி ஒட்டித் திரள்கின்றன. வெயிலில் முழுக்க உருகிவிட்டால் திரளாது. அம்மா இதையெல்லாம் படித்ததில்லை. அவள் விரலுக்கு அது தெரிந்திருந்தது.

நண்பன் இன்னொரு அதிசயம் சொன்னான். இங்கிலாந்தில் வோபர்ன் பழத்தோட்டத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்பென்சர் பிக்கரிங், 1907-இல் பால்மங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சோப்பே இல்லாமல், இந்தத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த நீலப் பொடியே எண்ணெய்த் துளிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு காவல் நிற்கும் என்று அதில் காட்டினார். இன்றைக்கும் இந்த வகைக்கு அவர் பெயர்தான். அப்படியானால் காலையில் நான் பார்த்த பீப்பாய்க்குள் இருந்தது பூஞ்சை மருந்து மட்டும்தானா? தூக்கம் போயே போய்விட்டது!

விடிந்ததும் மேஸ்திரியிடம் ஒரு டம்ளர் நீலக் குழம்பு வாங்கி, அரிக்கேன் விளக்கு மண்ணெண்ணெயைக் கொஞ்சம் சேர்த்து, பாட்டிலை மூடிக் குலுக்கினேன். கை வலிக்கும்வரை குலுக்கி ஜன்னல் திண்டில் வைத்தேன். பகலில் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு ஏறி, மேகம் முகத்தில் ஈரமாக உரச நின்றபோதும் மனம் பாட்டிலிடம்தான் இருந்தது.

திரும்பி வந்தேன். பனிமூட்டத்தின் வெளிச்சத்தில் பாட்டில் வெளிர் நீலமாக நின்றது. எண்ணெய் தனியாகக் கழன்று மிதக்கவில்லை. அடுத்த நாள் காலையும் அப்படியே.

“எலுமிச்சம்பழம் இருக்கா?” என்றான் நண்பன். இரண்டைப் பிழிந்து உள்ளே விட்டான். நீலப் பொடி புளிப்பில் கரையத் தொடங்கியது. காவல் போனதும் குட்டித் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன. அம்மாவின் பானையில் வெண்ணெய் கூடுமே, அதேபோல, பாட்டிலின் கழுத்தில் மண்ணெண்ணெய் தெளிந்து மேலே வந்து நின்றது.